புயலுக்கு நின்றது, நிலநடுக்கத்துக்கு நிற்குமா?

2001 செப்டம்பர் 25, செவ்வாய்க்கிழமை. இரவு எட்டரை மணியை நெருங்கும் நேரத்தில் புதுச்சேரி குலுங்கியது. குஜராத்தின் பூஜ் பகுதியைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம் நடந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. டிவியில் பார்த்த இடிபாடுகள் யாருக்கும் மறக்கவில்லை. ஆகவே கடற்கரை வீதியிலிருந்து மூலக்குளம் வரை மக்கள் யோசிக்காமல் தெருவுக்கு வந்தார்கள். சென்னையிலும் அதிர்வை உணர்ந்தார்கள். நிலநடுக்கத்தின் அளவு சுமார் 5.5. சுவர்களில் விரிசல், நிறையப் பயம். அதன் மையம் நிலத்தில் இல்லை. கரையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கிழக்கே, கடலுக்கு அடியில் இருந்தது.

இந்தக் கடைசி விவரத்தை ஊரில் பேசியவர்கள் குறைவு. கடலுக்குள் நடந்ததால் தப்பித்தோம் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கடல் வெறும் கடல் அல்ல. புதுச்சேரிக்குத் தெற்கே காவிரிப் படுகையின் கடற்பகுதியில் பி.ஒய்-3 என்ற வயலில், மிதக்கும் அமைப்பு ஒன்றின் மூலம் 1997 முதல் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நிலநடுக்கம் நடந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 2009 நவம்பரில், இந்துஸ்தான் ஆயில் எக்ஸ்ப்ளோரேஷன் கம்பெனியின் பி.ஒய்-1 தளத்திலிருந்து எரிவாயு வரத் தொடங்கியது. அது ஆள் தங்காத தளம். வாயு கடலடிக் குழாய் வழியாகத் திருக்கடையூர் பக்கத்திலுள்ள பிள்ளைப்பெருமாள்நல்லூர் கரை நிலையத்துக்கு வருகிறது. இப்படிப்பட்ட தளங்கள் நிற்கும் கடல் குலுங்கினால் என்ன ஆகும்? அதை முன்கூட்டியே எப்படிக் கணிக்கிறார்கள்?

முதலில் பூமிக்கு அடியில் இருப்பதைப் பார்த்துவிடலாம். பதின்மூன்று கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கோண்டுவானா பெருங்கண்டம் பிளந்தபோது, இந்தியாவின் கிழக்கு விளிம்பு இழுபட்டுக் கிழிந்தது. சில துண்டுகள் கீழே இறங்கின, சில மேடாகவே நின்றன. இறங்கிய பள்ளங்களில் கடல் புகுந்து, வண்டல் படிந்து, காவிரிப் படுகை உருவானது. புதுச்சேரி உட்கார்ந்திருப்பது இதன் வடகோடியில், அரியலூர்–புதுச்சேரி உட்படுகை என்று நிலவியலார் சொல்லும் பகுதியில். பள்ளத்துக்கும் மேட்டுக்கும் இடையிலுள்ள எல்லைகள் எல்லாம் பிளவுகள். எண்ணெயும் வாயுவும் மேலே தப்பிப் போகாமல் சிக்கிக்கொள்வதற்குப் பல இடங்களில் இந்தப் பிளவுகளே காரணம். பி.ஒய்-1 வயலில் வாயு இருப்பதே விரிசல் விட்ட பழங்காலக் கருங்கல் அடித்தளத்தில்தான். அதாவது எண்ணெய் தேடுபவர் பழைய பிளவுகளை விட்டு விலகிப்போக முடியாது, அவற்றைத் தேடித்தான் போக வேண்டும். அந்தப் பிளவுகளில் பெரும்பாலானவை கோடிக்கணக்கான ஆண்டுகளாக உறங்குகின்றன. எல்லாமே உறங்குவதில்லை என்று 2001 காட்டியது.

இனி தளத்துக்கு வருவோம். ஆழம் குறைந்த கடலில் நிறுத்தும் நிலையான தளத்துக்கு மூன்று பாகங்கள். கடலடித் தரையிலிருந்து நீர்மட்டத்துக்கு மேல் வரை எழும் எஃகுக் குழாய்ச் சட்டகம், அதற்கு ‘ஜாக்கெட்’ என்று பெயர். அதன் கால்கள் வழியாகத் தரைக்குள் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு அடித்து இறக்கிய பைல்கள். மேலே எந்திரங்களைச் சுமக்கும் டெக். வங்கக் கடலில் இதை வடிவமைப்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது புயல். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலை இங்கே யாரும் மறக்க முடியாது. அந்த மாதிரிப் புயலின் அலையைத் தாங்கும் தளம் ஒரு நிலநடுக்கத்தைத் தாங்காதா என்ற கேள்வி நியாயமாகவே எழும்.

தாங்கலாம், தாங்காமலும் போகலாம். இரண்டும் வெவ்வேறு வகையான தாக்குதல்கள். வில்லியனூர் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஆள் தோளில் இடிப்பது ஒன்று, டிரைவர் திடீரென்று பிரேக் போடுவது இன்னொன்று. இடிப்பவரைச் சமாளிக்க உடம்பில் வலு இருந்தால் போதும். பிரேக் போடும்போது கால் பஸ்ஸோடு நின்றுவிடுகிறது, உடம்பு முன்னால் போகிறது. தலையில் மூட்டை இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அலை முதல் வகை. அது பெரும்பாலும் நீர்மட்டத்தை ஒட்டி, சட்டகத்தின் மேற்பகுதியில், மணிக்கணக்காகத் திரும்பத் திரும்பத் தள்ளும். நிலநடுக்கம் இரண்டாவது வகை. சில பத்து வினாடிகளுக்கு அடித்தரையையே இங்குமங்கும் இழுக்கும். மேலே உள்ள எடை தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அந்த எடையே எதிரியாகிவிடும்.

இதனால் ஒரு வினோதம் நேர்கிறது. டெக்கின் மேல் புதிதாக ஒரு கம்ப்ரஸரை ஏற்றினால் அலையின் விசை அநேகமாக மாறாது, ஏனென்றால் அலை அந்த உயரத்துக்கு வருவதே இல்லை. நிலநடுக்க விசையோ ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் கூடும். நீரும் எடையாக வந்து சேரும். சட்டகம் ஆடும்போது தன்னைச் சுற்றியுள்ள நீரையும் அசைத்தாக வேண்டும். நீருக்குள் இருக்கும் உருளைக் குழாய் ஒன்று, தான் இடம்பெயர்த்த நீரின் எடைக்குச் சமமான எடையைக் கூடுதலாகச் சுமந்துகொண்டு ஆடுவதாகக் கணக்கிடுகிறார்கள். குழாயின் மேல் கொட்டலசும் சிப்பியும் அப்பி வளர்ந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கட்டமைப்புக்கும் தானாக ஆடுவதற்கு ஒரு காலம் உண்டு. பெரிய புயல் அலைகள் பத்துப் பதினைந்து வினாடிக்கு ஒன்றாக வருகின்றன. தளமும் அதே கதியில் ஆடினால் ஆட்டம் பெருகிவிடும். எனவே பொறியாளர்கள் ஜாக்கெட்டை விறைப்பாகக் கட்டி, அதன் ஆட்டக் காலத்தைப் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வினாடிக்குள் வைக்கிறார்கள். அலைக்கு அது சரியான முடிவு. ஆனால் நிலநடுக்கத்தின் ஆற்றல் இருப்பதோ ஒரு வினாடிக்குக் குறைவிலிருந்து இரண்டு வினாடி வரையிலான பகுதியில். அலையை விட்டு விலக விலக, நிலநடுக்கத்தை நோக்கி நெருங்குகிறோம். புயலைத் தாங்கிய வரலாற்றை வைத்து ஒரு தளத்துக்கு நிலநடுக்கச் சான்றிதழ் கொடுக்க முடியாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

சரி, எவ்வளவு பெரிய நிலநடுக்கத்துக்குத் தயாராக வேண்டும்? அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் வழிகாட்டு நெறிகளும், பின்னர் வந்த ஐ.எஸ்.ஓ. 19901-2 தரநிலையும் இதற்கு இரண்டு படிகளில் விடை சொல்கின்றன. தளத்தின் வாழ்நாளில் வரக்கூடிய, நியாயமாக எதிர்பார்க்கத்தக்க நிலநடுக்கம் முதல் படி. இதில் தளத்துக்குச் சேதமே கூடாது, அல்லது மிகச் சிறிதாக இருக்க வேண்டும். சராசரியாக 200 ஆண்டுக்கு ஒருமுறை வரும் அதிர்வைப் பழைய நெறிகள் இதற்கு எடுத்துக்கொண்டன. 200 ஆண்டு என்றால் நம் காலத்தில் வராது என்று நினைக்கத் தோன்றும். 25 ஆண்டு வேலை செய்யும் தளம் அதைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 12 சதவீதம். அலட்சியப்படுத்தக்கூடிய எண் அல்ல.

இரண்டாவது படிதான் சுவாரசியமானது. மிக அரிதாக, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய பெரும் அதிர்வு. இதில் தளம் வளையலாம், நசுங்கலாம், பிறகு பயன்படாமலேயே போகலாம். விழக்கூடாது. ஆட்கள் தங்கும் முக்கியமான தளம் ஓராண்டில் நிலநடுக்கத்தால் சரியும் வாய்ப்பு 2,500-ல் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது என்று ஐ.எஸ்.ஓ. தரநிலை இலக்கு வைக்கிறது. ஆள் இல்லாத, பாதிப்பு குறைவான தளங்களுக்கு இந்த இலக்கு 1,000-ல் ஒன்று, 400-ல் ஒன்று என்று தளரும். எதுவுமே உடையாது என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. எது முதலில் உடையும், உடைந்த பிறகு பாரம் எங்கே போகும் என்பதுதான் மதிப்பீட்டின் உயிர்நாடி. எனக்கு இந்த நேர்மை பிடித்திருக்கிறது.

நடைமுறையில் வேலை தரையிலிருந்து தொடங்குகிறது. சுற்றுவட்டாரத்துப் பிளவுகள், பழைய நிலநடுக்கங்களின் பட்டியல், அதிர்வு தூரத்தோடு குறையும் விதம் ஆகியவற்றைச் சேர்த்து அந்த இடத்துக்கான அபாய அளவைக் கணிக்கிறார்கள். எண்ணெய் தேடும்போது ஒலி அலைகளை அனுப்பிக் கடலடியைப் படமெடுத்த ஆவணங்கள் இங்கே கைகொடுக்கும். கடற்பிளவுகளைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்கு எண்ணெய்த் தொழிலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பிறகு மண். ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மென்களிமண் அதிர்வை வடிகட்டும்: வேகமான நடுக்கத்தை அடக்கி, மெதுவான ஆட்டத்தைப் பெருக்கும். 1985-ல் மெக்சிகோ நகரம் அனுபவித்தது இதையே. மையம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால் பசிபிக் கரையில் இருந்தது. ஆனால் நகரத்தின் அடியிலிருந்த பழைய ஏரிக் களிமண் இரண்டு வினாடிக் கதியில் ஆட, அந்தக் கதிக்கு ஒத்துப்போன நடுத்தர உயரக் கட்டடங்கள் சரிந்தன. ஜாக்கெட்டின் ஆட்டக் காலமும் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இன்னொரு பக்கம், மிக மென்மையான மண் ஓர் எல்லைக்கு மேல் விசையைக் கடத்தவும் செய்யாது; பைலைச் சுற்றி இளகி வழிவிட்டுவிடும். விசை குறையும், தளத்தின் நகர்வு கூடும். மண் நண்பனா பகையா என்பதைத் துளையிட்டு எடுத்த மாதிரியைச் சோதிக்காமல் சொல்ல முடியாது.

அடுத்து கணினி. குழாய், மூட்டு, பைல், மண் எல்லாவற்றையும் கொண்ட மாதிரியை உருவாக்கி, பக்கவாட்டில் சிறிது சிறிதாக விசையைக் கூட்டித் தள்ளிப் பார்ப்பார்கள். முதலில் ஒரு குறுக்குக் குழாய் நெளியும். அதன் பங்கு பாரம் பக்கத்துக் குழாய்களுக்குப் போகும். பின் இன்னொன்று. இப்படியே சரியும் வரை தள்ளினால், வடிவமைத்த விசையைப் போல எத்தனை மடங்கு தாங்குகிறது என்பது தெரிந்துவிடும். சட்டகத்தின் வடிவம் இங்கே தன் குணத்தைக் காட்டும். குறுக்குக் குழாய்கள் பெருக்கல் குறி போல இரண்டும் குறுக்கே வெட்டிச் சென்றால், அமுக்கப்படும் குழாய் நெளிந்தாலும் இழுபடும் குழாய் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு குழாய்கள் சட்டத்தின் நடுவில் போய் முட்டிக்கொள்ளும் அமைப்பில், ஒன்று நெளிந்த உடனே முட்டும் இடம் சமநிலை இழக்கும். எஃகு அதேதான், எடையும் கிட்டத்தட்ட அதேதான், விளைவு வேறு. மூட்டு குழாயைவிட வலுவாக இருக்க வேண்டும் என்ற விதியும் இதனால்தான். குழாய் நெளிந்தால் எச்சரிக்கை கிடைக்கும், மூட்டு பிய்ந்தால் எச்சரிக்கை இல்லை.

தள்ளிப் பார்ப்பது முதல் வடிகட்டல். அதன்பின் நிஜ நிலநடுக்கங்களின் அதிர்வுப் பதிவுகளை அந்த இடத்துக்கு ஏற்பச் சரிசெய்து, வினாடி வினாடியாக மாதிரியை ஆட்டிப் பார்ப்பார்கள். ஒரு பதிவு போதாது. ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் ஒரு தனிக் குணம். ஆகவே பல பதிவுகளை ஓட்டி, குறைந்தது நான்கிலாவது தளம் நிற்கிறதா என்று தரநிலை கேட்கிறது. பக்கவாட்டில் இரண்டு திசையோடு, மேலும் கீழுமான அதிர்வையும் சேர்த்துத்தான்.

சட்டகம் நின்றுவிட்டால் பிழைத்தோம் என்று இல்லை. டெக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிரேன், எரிவாயுவைக் கொளுத்தும் நீண்ட கை, மின்கலங்கள், மின் அலமாரிகள் எல்லாம் தளத்தின் ஆட்டத்தை இன்னும் பெருக்கிக்கொண்டு ஆடும். போல்ட் போட்டு இறுக்காத ஒரு மின்கல வரிசை கவிழ்ந்தால் அவசர மின்சாரம் போகும். அது போனால் வால்வை மூடவோ, தீயணைப்புப் பம்பை இயக்கவோ முடியாமல் போகலாம். கட்டுக்கு அடங்காத வாயுத் தீ என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். 2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை எண்ணெய் வயலில் ஒரு துணைக் கப்பல் மோதி, கடலடியிலிருந்து மேலே வரும் வாயுக் குழாய் உடைந்தது. நிலநடுக்கம் ஏதும் இல்லை. அங்கிருந்த பி.எச்.என். தளம் இரண்டு மணி நேரத்தில் எரிந்து முடிந்தது. 22 பேர் இறந்தார்கள். சட்டகத்துக்குக் கணினியில் செலவழிக்கும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கை இந்த போல்ட்டுகளைச் சரிபார்ப்பதில் செலவழித்தால் பலன் அதிகம் என்பது என் எண்ணம்.

பழைய தளங்கள் தனிக் கதை. மும்பை ஹையில் எண்ணெய் கண்டது 1974-ல். உலகெங்கும் அந்தத் தலைமுறைத் தளங்கள் பல தம் வடிவமைப்பு ஆயுளைத் தாண்டி உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்ல முடியாது, பழைய விதிப்படி கட்டியது போதும் என்று விடவும் முடியாது. டெக்கில் எடை கூடினாலோ, ஆட்கள் தங்கத் தொடங்கினாலோ, சேதம் தெரிந்தாலோ, அபாயக் கணிப்பு மாறினாலோ மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்பது நெறி. மூழ்காளிகளும் நீருக்கடி எந்திரங்களும் கொட்டலசைச் சுரண்டிவிட்டு மூட்டுகளில் வெடிப்பைத் தேடுவார்கள். இதில் அழகான உத்தி ஒன்று உண்டு. பல குறுக்குக் குழாய்கள் உள்ளே காற்றோடு அடைக்கப்பட்டவை. எங்கோ ஒரு மயிரிழை வெடிப்பு ஊடுருவினாலும் கடல்நீர் உள்ளே புகுந்துவிடும். எனவே வெடிப்பைத் தேடுவதற்குப் பதிலாக, குழாய்க்குள் தண்ணீர் இருக்கிறதா என்று வெளியிலிருந்தே மீயொலியால் கேட்டுவிடுகிறார்கள்.

மிதக்கும் அமைப்புகளுக்குக் கவலை வேறு. பக்கவாட்டு அதிர்வைக் கடத்தும் குறுக்கலை நீருக்குள் பயணிக்காது. எனவே பி.ஒய்-3-ல் இருந்தது போன்ற மிதவையை நிலநடுக்கம் அடியிலிருந்து பிடித்து ஆட்ட முடியாது. அமுக்க அலை மட்டும் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் நீர் வழியே மேலேறி அடிப்பாகத்தைத் தட்டும். தரை தட்டியதோ என்று மாலுமிகள் திகைத்த சம்பவங்கள் உண்டு. கடலடியில் கிடக்கும் குழாய்களும் நங்கூரச் சங்கிலிகளும்தான் உண்மையான பலவீனம்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு எல்லோரும் கேட்பது சுனாமியைப் பற்றி. அன்று புதுச்சேரி, கடலூர், காரைக்கால் கரைகளில் ஊர்களை அழித்த அலை, நடுக்கடலில் செயற்கைக்கோள் அளந்தபோது ஏறத்தாழ 60 சென்டிமீட்டர்தான் இருந்தது. 60 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் அது மணிக்கு 85 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் ஓடும். உயரம் கரையில் எழுவதைவிட மிகக் குறைவு. புயல் அலைக்குக் கட்டிய தளத்துக்கு அது பெரிய சோதனை அல்ல. கரைக்கு வரும் குழாயும் கரையிலுள்ள வாயு நிலையமும்தான் அடி வாங்கும்.

இதெல்லாம் எண்ணெய்க் கம்பெனிகளின் பாடு என்று நினைக்க வேண்டாம். தமிழகக் கடலிலும் குஜராத் கடலிலும் தலா 500 மெகாவாட் காற்றாலைகளை நிறுவ உதவும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. காற்றாலைக் கோபுரம் மெலிதானது, உச்சியில் பெரும் எடையைச் சுமப்பது. நிலநடுக்கக் கணக்கு அதற்கும் இதேபோலத் தேவைப்படும்.

கடைசியாக, கரைக்கு வருவோம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 1893 விதி 2002-ல் திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. 2001-ல் தன் வாசலிலேயே அதிர்வைக் கண்ட புதுச்சேரியை அந்த விதியின் பட்டியல் இரண்டாம் மண்டலத்திலேயே வைத்தது. அதன்பின் மூலக்குளம், ரெட்டியார்பாளையம், உழவர்கரை எல்லாம் அடுக்குமாடிகளாக வளர்ந்திருக்கின்றன. கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல் வண்டி நிறுத்தும் இடம், அதன் தூண்களின் மேல் நான்கு மாடிக் குடும்பங்கள், மொட்டைமாடியில் பிறகு ஏற்றிய தண்ணீர்த் தொட்டி: இதைத்தான் எங்கும் பார்க்கிறோம். எடை மேலே, பலவீனம் கீழே. பூஜ் நிலநடுக்கத்தின்போது அகமதாபாத்தில் இந்த வகைக் கட்டடங்கள்தான் பெருமளவில் சரிந்தன.

ஒருவரும் தங்காத கடல் தளத்துக்குக்கூட எது முதலில் உடையும் என்று கணக்குப் பார்க்கச் சொல்லும் நெறி இருக்கிறது. இருபது குடும்பம் தூங்கும் கட்டடத்துக்கும் அப்படி ஒரு நெறி இல்லாமல் இல்லை. ஏற்கெனவே கட்டிய கான்கிரீட் கட்டடங்களின் நிலநடுக்க வலுவை மதிப்பிட்டுப் பலப்படுத்த ஐ.எஸ். 15988 என்ற விதி 2013-லேயே வந்துவிட்டது. கேட்பவர்தான் இல்லை. அடுத்த முறை உங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் பெயின்ட் அடிப்பதைப் பற்றிப் பேசும்போது, அந்த விதியின்படி ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் கீழ்த்தளத் தூண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாகக் கட்டுவதாக இருந்தால், ஐ.எஸ். 13920 சொல்கிறபடி தூண்களில் வளையக் கம்பிகளை நெருக்கமாகக் கட்டச் சொல்லுங்கள், கான்கிரீட் போடும் முன் போய்ப் பாருங்கள்.